வீடற்றோர்: போதையா, வாடகையா?

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உள்ள கிராண்ட்ஸ் பாஸ் ஒரு சிறு நகரம். மக்கள்தொகை 40,000-ஐத் தொடாது. பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம், கட்டத் தவறினால் 537 டாலர், திரும்பத் திரும்பப் பிடிபட்டால் 30 நாள் வரை சிறை என்று அந்நகர நிர்வாகம் விதி வகுத்தது. இது அரசமைப்புக்கு முரணானதல்ல என்று 2024 ஜூன் 28 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு மாதம் முடிவதற்குள் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் சாலையோரக் கூடாரங்களை அகற்ற ஆணையிட்டார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பது கவனிக்கத்தக்கது. அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 24-இல் பிறப்பித்த ஆணை இன்னும் ஒரு படி மேலே சென்றது. முதலில் வீடு கொடுத்து, சிகிச்சையைப் பின்னர் பார்க்கும் திட்டங்களுக்கு மத்திய அரசின் ஆதரவை அது விலக்கிக்கொள்ளச் சொல்கிறது. மனநோயாலோ போதையாலோ தெருவில் கிடப்போரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகவும் சிகிச்சை நிலையங்களில் சேர்க்க மாநிலங்களை ஊக்குவிக்கிறது.

கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் வாதங்கள் சுற்றிச் சுற்றி வந்தது 1962-ஆம் ஆண்டின் ஒரு பழைய தீர்ப்பை. போதைக்கு அடிமையாக இருப்பது ஒரு நிலை. அந்த நிலைக்காக எவரையும் தண்டிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்படியானால் படுக்க இடமற்ற நிலைக்கும் தண்டனை கூடாதே என்றனர் வீடற்றோர் தரப்பினர். நகரம் தண்டிப்பது நிலையை அல்ல, பொது இடத்தில் தங்கும் செயலைத்தான் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. உறங்காமல் எந்த மனிதராலும் இருக்க முடியாது. வீடற்றவரின் உறக்கத்தைத் தண்டிப்பது அவருடைய நிலையைத் தண்டிப்பதே என்பது நீதிபதி சோட்டோமயர் எழுதிய மறுப்புரையின் வாதம். தனிமனிதப் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்விதான் இங்கே சட்ட மொழியில் பேசப்பட்டது.

2024 ஜனவரியில் ஒரே இரவில் நடந்த கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 7,71,480 பேர் வீடற்றவர்களாக இருந்தனர். முந்தைய ஆண்டைவிட இது 18% அதிகம். அடைக்கலம் தேடி வந்தோர் சில பெருநகரங்களின் தங்குமிடங்களை நிரப்பியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். ஆயினும் சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் மயங்கிக் கிடப்பவரின் காணொளியைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் விளக்கம் போதைதான். அந்த விளக்கம் மேற்கு வர்ஜீனியாவில் உடைந்துபோகிறது. அளவு மீறிய போதையால் நேரும் இறப்பு விகிதத்தில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கும் மாநிலம் அது. 2021-இல் அவ்விகிதம் கலிஃபோர்னியாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால், மக்கள்தொகைக்கு ஏற்ப வீடற்றோரைக் கணக்கிட்டால் கலிஃபோர்னியாவில்தான் நான்கு மடங்குக்கு மேல் அதிகம். மேற்கு வர்ஜீனியாவில் வீடும் வாடகையும் மலிவு. அங்கே போதைக்கு அடிமையானவர் சீரழிகிறார். ஆனால் ஒரு கூரையின் கீழ் சீரழிகிறார்.

நெரிசலான பேருந்திலிருந்து முதலில் விழுபவர் படியில் தொங்குபவர். அவர் பிடி தளர்ந்தது உண்மை. குடித்திருந்தால் இன்னும் விரைவில் தளர்ந்திருக்கும். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதிவைப்பதிலும் தவறில்லை. ஆனால், யார் விழுவார் என்பதற்கான விடை, ஏன் இத்தனை பேர் விழுகிறார்கள் என்பதற்கு விடையாகாது. பேருந்துகளின் எண்ணிக்கையைக் கேட்காமல் அக்கேள்வியைக் கடக்க இயலாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உடல் கொடுக்கிறது. கேள்விகளுக்கு விடையளித்த சுமார் 3,200 பேரில் மெத்தம்பெட்டமைனைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். இது சிறிய எண்ணிக்கையன்று. இரவில் உடைமைகளைக் காக்க விழித்திருப்பதற்காகவே அதை எடுக்கத் தொடங்கியவர்களும் தெருவில் உண்டு. போதை எப்போதும் முதல் படி அல்ல. வீட்டை இழப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அக்குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 960 டாலர். அந்த மாநிலத்தில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகைக்கே அது போதாது. மாதம் 300 முதல் 500 டாலர் உதவி கிடைத்திருந்தால் வீட்டை இழந்திருக்க மாட்டோம் என்று ஏறத்தாழ 70% பேர் கூறினர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பொறுப்பு என்ற சொல்லையே பழமைவாதம் என்று ஒதுக்குவோருக்கு ஒரேகான் ஒரு பாடம். 2020-இல் வாக்கெடுப்பு மூலம் சிறு அளவு போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய அம்மாநிலம், சிகிச்சை வசதிகளை உரிய காலத்தில் உருவாக்கத் தவறியது. ஃபென்டனைல் பரவிய அதே ஆண்டுகளில் மக்களின் பொறுமையும் கரைந்தது. 2024 செப்டம்பரில் அது மீண்டும் குற்றமானது. ‘முதலில் வீடு’ என்பதும் போதையைத் தீர்க்கும் மருந்தன்று. கனடாவின் ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட பெரும் சோதனையின் இறுதி ஆறு மாதங்களில், இத்திட்டத்தில் சேர்ந்தோரில் 62% பேர் முழு நேரமும் வீட்டில் இருந்தனர். வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றோரில் 31% பேரே. ஆனால், போதைப் பழக்கத்தில் இரு தரப்பினரிடையே பெரிய வேறுபாடு இல்லை. வீடு கொடுத்தால் வீடற்ற நிலை தீர்கிறது. அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்த்தவர்களே ஏமாந்தார்கள்.

பொறுப்பை உண்மையில் சுமத்திய நாடு ஃபின்லாந்து என்றே சொல்லத் தோன்றுகிறது. 2008 முதல் அங்கே வீடற்றவருக்குக் கையில் தரப்படுவது படுக்கைச் சீட்டு அன்று, வாடகை ஒப்பந்தம். அவர் பெயரில் ஒப்பந்தம், அவர் பெயரில் வாடகை, அவர் கையில் சாவி. வருமானம் போதாதவருக்கு அரசின் வாடகை உதவி உண்டு. ஹெல்சிங்கியில் 250 படுக்கைகள் கொண்ட பழைய விடுதியொன்று சுமார் 80 தனிக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் சுமார் 18,000-ஆக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை, 2023 இறுதியில் 3,429-ஆகச் சுருங்கியது.

அமெரிக்காவோ எதிர்த்திசையில் நடந்தது. குடிகாரருக்கும் கூலிக்காரருக்கும் ஒண்டிக்கொள்ள இடம் தந்த மலிவான ஒற்றை அறை விடுதிகளை நியூயார்க் 1955-இலேயே புதிதாகக் கட்டத் தடை விதித்தது; 1970-களில் பல நகரங்கள் இருந்தவற்றையும் இடித்தன. மனநல மருத்துவமனைகள் காலியானதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

ஃபின்லாந்தில் இப்போது ஆட்சியிலுள்ள கூட்டணி, செலவுக் குறைப்பின் பெயரால் வாடகை உதவி உள்ளிட்ட சமூகநல உதவிகளில் கைவைத்தது. 2024 இறுதியில் எடுத்த கணக்கில் வீடற்றோர் 3,806 பேர். பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்த கோடு மேல்நோக்கித் திரும்பியது அந்த ஆண்டில்தான்.