எந்நாட்டுக் கிதார் உயர்ந்தது?

கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும், "இது எந்த நாட்டுச் சரக்கு?" என வினவுவது நம்மில் பலரின் வழக்கம். அவ்வினா எத்துணை தூரம் நமக்கு வழிகாட்டும் என்பதை மின் கிதாரின் வரலாறு நன்கு உணர்த்துகிறது. (இசை குறித்த மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிக, ஈண்டு நாம் நோக்குவது தொழில்திறனை மட்டுமே.)

இக்கருவி வளர்ந்த மண் அமெரிக்கா. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1952-இல் 'லெஸ் பால்' கிதாரையும், கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிதாரையும் வெளியிட்டனர். 1965-இல் ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. கிப்சனும் 1969-இல் கைமாறிப் பின்னர் நார்லின் குழுமத்தின் உடைமையாயிற்று. அதன்பின் இரண்டின் தரமும் தாழ்ந்ததாகக் கலைஞர் பலர் குறைகூறினர். 1965-க்கு முந்தைய ஃபெண்டர் கிதார்களுக்கு இன்றும் பெருவிலை கொடுப்போர் உளர்.

அவ்வேளையில் ஜப்பானியர் அமெரிக்கக் கிதார்களை அச்சொட்டாகச் செய்து அனுப்பினர். தொடக்கத்தில் 'மலிவுச் சரக்கு' என இகழப்பட்டவை நாளடைவில் மூலத்துக்கு நிகராயின. 1977-இல் நார்லின், ஐபனெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு யாது? பொருள் மட்டமானது என்பதன்று. கிதாரின் தலைப்பகுதி எமது வடிவத்தை ஒத்திருக்கிறது என்பதே! வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1982-இலோ ஃபெண்டர் நிறுவனமே முன்வந்து, ஜப்பானின் மட்சுமோட்டோ நகரிலிருந்த ஃபுஜிஜென் ஆலையில் தன் பெயரிலேயே கிதார்களைச் செய்வித்தது. நேற்று இகழ்ந்த கைகளிடமே இன்று வேலையை ஒப்படைத்தது வியப்பன்றோ?

பின்னர் இத்தொழில் கொரியாவுக்கும், அங்கிருந்து இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் பரவியது. இப்பயணத்துக்குக் காரணம் திறமை மட்டுமன்று, கூலியுமாகும். புகழ்பெற்ற பிற நிறுவனங்களுக்கும் கிதார் செய்து கொடுத்த கொரியாவின் கோர்ட் நிறுவனம் 2007-இல் உள்நாட்டு ஆலைகளை மூடியது. வேலையிழந்த தொழிலாளர்களின் போராட்டம் 2019-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. அவர்களது கைத்திறன் ஒரே நாளில் குன்றிவிட்டதென எவரும் கூறவில்லை.

எனில், வாங்குவோர் எதைப் பார்ப்பது? மின் கிதாரில் எஃகுத் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளே மின்னலையாக்குகிறது. மரத்தை அறுப்பதும் செதுக்குவதும் இன்று எந்நாட்டிலும் கணினிப் பொறியின் வேலை. ஆனால் மெட்டுக் கம்பிகளைச் சமமாக அராவி, முனைகளை மழுக்குவதற்கு மனிதக் கையும் நேரமும் வேண்டும். விலை குறைந்தவற்றில் முதலில் மிச்சப்படுத்தப்படுவது அந்நேரமே. ஆகவே கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கம்பி முனை குத்தலாகாது. ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை அழுத்தி மீட்டுங்கள், இரைச்சல் எழலாகாது. சுருதி சேர்த்துச் சிறிது நேரம் வாசித்தபின் சுருதி நிலைத்திருக்கிறதா என நோக்குங்கள். மெட்டுகள் சற்றே ஏறி இறங்கியிருப்பின் கைதேர்ந்தவர் அராவிச் சீராக்கிவிடுவார். கழுத்தே முறுக்கிக்கொண்டிருந்தால், அதில் எந்நாட்டின் பெயர் பொறித்திருப்பினும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.