'கம்மி விலை' கைத்துப்பாக்கி: பேரை வெச்சு நம்பலாமா? துப்பாக்கி ஃபேக்டரி ஊர்லேருந்து ஒரு கணக்கு

ஸ்ரீரங்கத்துல காவிரிப் பாலம் ஏறி, திருவெறும்பூர் தாண்டி நவல்பட்டு பக்கம் போனா வரும் 'துப்பாக்கி ஃபேக்டரி'. ஆவணங்கள்ல அதுக்குப் பெயர் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி திருச்சிராப்பள்ளி, சுருக்கமா ஓ.எஃப்.டி. 1966-ல் தொடங்கினது. இன்சாஸ் ரைஃபிள், திருச்சி அசால்ட் ரைஃபிள், திருச்சி கார்பைன், 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கின்னு பட்டியல் நீளும். ஊர்ல யாரோட வீட்டு மாப்பிள்ளையாவது அங்க வேலை பார்ப்பார். அதனால திருச்சிக்காரங்களுக்குத் துப்பாக்கி ஒரு சினிமாப் பொருள் மட்டும் இல்லை, ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஒருத்தரோட கைவேலையும்கூட.

ஆனா லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒருத்தர், "எந்த கம்பெனி ரிவால்வர் நல்லது? விலை கம்மியா இருக்கிறதை வாங்கினா மாட்டிக்குமா?"ன்னு கேட்டா, துப்பாக்கி ஃபேக்டரி இருக்கிற இந்த ஊர்லகூட ஆதாரத்தோட பதில் சொல்ல ஆள் இல்லை. "சூப்பரா இருக்கும்", "அது டப்பா"ன்னு ரெண்டு பதில்தான் கிடைக்கும். ஒரு மிக்ஸி வாங்கும்போது இது பரவாயில்லை. துப்பாக்கிக்கு?

இந்தியாவுல 'பட்ஜெட்'னா என்ன?

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். நம்ம நாட்டுல மலிவான கைத்துப்பாக்கின்னு ஒண்ணு சட்டப்படி கிடையவே கிடையாது. 1980-களோட நடுவுல தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்யறது தடை செய்யப்பட்டுச்சு. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்குக் களத்துல இருந்தது ஒரே விற்பனையாளர்: அரசு. கான்பூர்ல ரிவால்வர், மேற்கு வங்கத்துல பிஸ்டல். ரெண்டுமே .32 அளவு. ஏன் .32? ராணுவமும் போலீஸும் பயன்படுத்துற 9 எம்.எம். மாதிரியான தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடை. அந்தத் தடைக்கு வெளியில மிஞ்சின அளவு இது.

2014 ஜனவரியில 'நிர்பீக்'னு ஒரு ரிவால்வர் வந்தது ஞாபகம் இருக்கலாம். பெண்களுக்கானதுன்னு விளம்பரம், டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம் எடை, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். டெல்லி சம்பவத்தோட வலியை ஒரு பிராண்ட் பெயரா மாத்தினதைப் பெண்கள் அமைப்புகள் கண்டிச்சது சரியான கண்டனம்தான். ஆனா அந்தச் சத்தத்துல யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருந்தது: இது எத்தனை முறை சுட்டா எத்தனை முறை மக்கர் பண்ணும்? எடையைச் சொன்னாங்க, பெட்டியோட அழகைச் சொன்னாங்க. இந்த எண்ணிக்கை விளம்பரத்துல இல்லை.

2023 ஆகஸ்ட்ல வந்த 'பிரபல்' ரிவால்வருக்கும் அதே கதை. 50 மீட்டர் வரை சுடும், உருளை பக்கவாட்டுல திறக்கும்னு பெருமையா அறிவிச்சாங்க. ஒரு தோட்டா எவ்வளவு தூரம் போகும்ங்கிறது ஒரு விஷயம், அது ஒவ்வொரு முறையும் கிளம்புமாங்கிறது வேற விஷயம்.

வரியும் சேர்ந்துக்கிச்சு. 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்துல ரிவால்வர், பிஸ்டலுக்கு 28 சதவீதமா இருந்தது 40 ஆச்சு. இதுல எனக்கு ஆட்சேபம் இல்லை, துப்பாக்கி விலை ஏறினா ஏறட்டும். ஆனா இவ்வளவு காசு கொடுத்து வாங்கினதாலேயே 'தரமாத்தான் இருக்கும்'னு ஒருத்தர் நினைச்சுக்கிறார் பாருங்க, அது ஆபத்து. போட்டி இல்லாத சந்தையில விலை தரத்தைச் சொல்லாது. தட்டுப்பாட்டைத்தான் சொல்லும்.

ரெண்டு விதமான நம்பகத்தன்மை

'நம்பகமான துப்பாக்கி'ன்னு சொல்லும்போது நாம ரெண்டு வேற விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். ட்ரிகர் இழுத்தா சுடணும். இழுக்கலைன்னா சுடவே கூடாது. முதல் விஷயத்தைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. வீட்டுல குழந்தை இருக்கிறவங்களுக்கு உயிர் விஷயம் ரெண்டாவதுதான்.

அமெரிக்காவோட மலிவு துப்பாக்கி வரலாறு இதை நல்லா காட்டுது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சுத்தி 1970, 80-கள்ல ரேவன், ஜென்னிங்ஸ், பிரைக்கோ, லார்சின்னு சில கம்பெனிகள் துத்தநாகக் கலவையை அச்சுல வார்த்து மலிவு பிஸ்டல்கள் செஞ்சாங்க. அதுல பிரைக்கோ மாடல் ஒண்ணுல ஒரு வடிவமைப்புப் பிரச்னை: உள்ளே இருக்கிற தோட்டாவை எடுக்கணும்னாலே சேஃப்டியை விலக்கியாகணும். 1994-ல் ஒருத்தர் அப்படி எடுக்கப் போனபோது வெடிச்சு, 7 வயசுப் பையன் ஒருத்தன் கழுத்துக்குக் கீழே முடங்கிப் போனான். வழக்கு நடந்தது, 2003-ல் நடுவர் குழு பெரும் இழப்பீடு விதிச்சது, கம்பெனி திவால் மனு போட்டது. அந்தத் துப்பாக்கி 'சுடும்போது' ஒழுங்காத்தான் சுட்டது.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் ஓஹையோவோட ஹை-பாயின்ட். அதே துத்தநாகக் கலவை ஸ்லைடு, செங்கல் மாதிரி கனம், பார்க்க ரொம்ப சுமார். துப்பாக்கிப் பிரியர்கள் அதைக் கிண்டல் பண்ணாத நாளே இல்லை. 2019-ல் புது மாடலுக்குப் பெயர் கேட்டு ஆன்லைன்ல ஓட்டு நடத்தி, ஒரு மீம் பெயர் ஜெயிச்சு, அதையே கம்பெனி ஏத்துக்கிச்சு! ஆனா அதே கம்பெனி ஆயுள் முழுக்க வாரன்டி தருது, துப்பாக்கி எத்தனை கை மாறியிருந்தாலும். கிண்டலுக்கு ஆளான ஒரு பிராண்ட், தன் பொருளைத் திருப்பி எடுத்துச் சரிபண்ணித் தர பயப்படலை. பேருக்கும் பொருளுக்கும் நடுவுல இப்படி இடைவெளி இருக்கும்.

நடுவுல ஒண்ணு இருக்கு, அது நமக்கு நேரடியா சம்பந்தப்பட்டது: பிரேசிலோட டாரஸ். கீழே விழுந்தா தானா வெடிக்கும்னு அமெரிக்காவுல அதோட 9 மாடல்கள் மேல 2013-ல் கூட்டு வழக்கு. சுமார் 10 லட்சம் பிஸ்டல்கள் இதுல அடக்கம். 2015-ல் கம்பெனி தப்பை ஒத்துக்காமலேயே சமரசத்துக்கு வந்தது. அதே டாரஸ்தான் இப்ப ஜிண்டால் குழுமத்தோட சேர்ந்து ஹரியானா ஹிசார்ல கூட்டு நிறுவனம் வெச்சிருக்கு, 51 சதவீதம் ஜிண்டால், 49 டாரஸ். பழைய மாடல்களோட குறை புது மாடல்கள்ல இருக்குன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. 'ஃபாரின் பிராண்ட், கண்ணை மூடிட்டு வாங்கலாம்'னு சொல்றவங்ககிட்ட கேட்க ஒரு கேள்வி இருக்குன்னு மட்டும் அர்த்தம்.

நம்ம ஊர் ரைஃபிளுக்கு வந்த கெட்ட பேர்

திருச்சி, கான்பூர், இஷாப்பூர் மூணு இடத்துலயும் தயாரான இன்சாஸ் ரைஃபிள் கதை, ஒரு பேர் எப்படிக் கெடுதுன்னு காட்டும். 1999 கார்கில் குளிர்ல அதோட பிளாஸ்டிக் மேகஸின் விரிசல் விட்டது, சுடும்போது சிக்கிக்கிச்சுன்னு புகார்கள் வந்தது. 2005-ல் நேபாள ராணுவம் மாவோயிஸ்ட்டுகளோட சண்டையில 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தப்போ, இன்சாஸ் சிக்கினதும் காரணம்னு குற்றம் சாட்டுச்சு. சரியா பயன்படுத்தலைன்னு இந்தியத் தரப்பு சொன்னது.

யார் சொன்னது சரி? வடிவமைச்சது புனேயில இருக்கிற டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம். செஞ்சது தொழிற்சாலைகள். தோட்டா இன்னொரு தொழிற்சாலையில. எண்ணெய் போட்டுத் துடைச்சுப் பராமரிக்க வேண்டியது படைப்பிரிவு. இந்த நாலுல எது தப்பினாலும் துப்பாக்கி சிக்கும். ஆனா பழி விழறது பெயர் பொறிச்ச ஃபேக்டரி மேல. திருவெறும்பூர்ல 30 வருஷம் லேத்துல நின்னவருக்கு இது எவ்வளவு கடுப்பா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதே நேரம், பனியில நின்ன சிப்பாய்கிட்ட "மேகஸின் வேற டிபார்ட்மென்ட்"னு சொல்லவும் முடியாது.

2020-ல் ராணுவத்தோட உள் அறிக்கை ஒண்ணு செய்தியானது. 2014-லேருந்து தரமில்லாத வெடிபொருள்களால 960 கோடி ரூபாய் போச்சுன்னு அதுல கணக்கு. பீரங்கி குண்டு மாதிரியான பெரிய சமாச்சாரங்கள்தான் அதுல முக்கியம். ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு இதை ஏத்துக்கலை. மறுபடியும் அதே நிலைமை: ரெண்டு தரப்பு, பொதுவெளியில முழு டேட்டா இல்லை.

50 தோட்டா கணக்கு

"என் ரிவால்வர் 10 வருஷமா இருக்கு, ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை"ன்னு ஒரு பெரியவர் சொன்னா அதுக்கு என்ன மதிப்பு? எத்தனை தோட்டா சுட்டிருக்கீங்கன்னு கேளுங்க. நம்ம லைசென்ஸ்லயே எத்தனை தோட்டா வாங்கலாம்னு எழுதியிருக்கும். போய்ப் பழக ரேஞ்சும் எல்லா ஊர்லயும் இல்லை. பெரும்பாலான துப்பாக்கி பீரோவுலேயேதான் வயசாகுது.

புள்ளியியல்ல ஒரு எளிய விதி உண்டு. 50 முறை சோதிச்சு ஒரு கோளாறும் வரலைன்னா, 95 சதவீத உறுதியோட சொல்ல முடிஞ்சது இவ்வளவுதான்: உண்மையான கோளாறு விகிதம் 6 சதவீதத்துக்குள்ள இருக்கும். (3-ஐ 50-ஆல வகுங்க, அவ்வளவுதான்.) 6 சதவீதம்னா கிட்டத்தட்ட 17-க்கு ஒண்ணு. விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழேன்னு சொல்லணும்னா, சிக்கல் இல்லாம 300 சுட்டாகணும். நம்ம நாட்டுல ஒரு லைசென்ஸ்தாரர் 300 சுட எத்தனை வருஷம் ஆகும்? அதனால இந்திய கைத்துப்பாக்கிகளோட நல்ல பேரும் சரி, கெட்ட பேரும் சரி, சுடாத துப்பாக்கிகள் மேல கட்டினது.

கலிஃபோர்னியாவுல 2001-லேருந்து ஒரு முறை இருக்கு. ஒரு மாடலை விக்கணும்னா அதுல 3 துப்பாக்கிகளை ஆய்வகத்துல கொடுக்கணும். ஒவ்வொண்ணும் 600 தோட்டா சுடும், 6 கோளாறுக்கு மேல வந்தா ஃபெயில். கீழே போட்டும் பார்ப்பாங்க. தேறின மாடல்களோட பட்டியல் பொதுவெளியில இருக்கும். அந்தச் சட்டம் மேல அங்கே ஏகப்பட்ட சண்டை, அது வேற. சோதனையோட எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியுங்கிறதுதான் இங்க விஷயம்.

நம்மகிட்ட ப்ரூஃப் சோதனை இருக்கே? இருக்கு. சாதாரண அழுத்தத்தைவிட அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்கினா முத்திரை குத்துவாங்க. அது அவசியம். முத்திரை இல்லாததைத் தொடவே கூடாது. ஆனா அந்த முத்திரை 'கையில வெடிச்சுச் சிதறாது'ன்னு சொல்லும். 'அவசரத்துல சுடும்'னு சொல்லாது. (முத்திரையையும் பெயரையும் போலியா பொறிக்கிறது பீகார் முங்கேர் கள்ளச் சந்தையோட பழைய தொழில். 'மேட் இன் இத்தாலி'ன்னு எழுதியிருக்கும். அங்க பிராண்டைப் பத்திப் பேசறதே வீண், அது ஜெயிலுக்கு வழி.)

அப்ப வாங்கறவர் என்னதான் பார்க்கிறது? உரிமம் பெற்ற டீலர்கிட்ட ப்ரூஃப் முத்திரை, எழுத்துல வாரன்டி, பழுதானா எந்த ஊருக்கு அனுப்பணும், திரும்பி வர எவ்வளவு நாள்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்லயே பிராண்டோட பாதி ஜாதகம் தெரிஞ்சுடும். பிஸ்டலா ரிவால்வரான்னா, தோட்டா சொதப்பினா ரிவால்வர்ல ட்ரிகரை மறுபடி இழுத்தா அடுத்த அறை வந்துடும். பிஸ்டல்ல கையால இழுத்து வெளியே தள்ளணும், அதுக்குப் பழக்கம் வேணும். குறை இருந்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளால வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்க தனி அத்தியாயமே இருக்கு. துப்பாக்கியும் ஒரு பொருள்தான்.

இதெல்லாம் காசு கொடுத்து, தானே தேர்ந்தெடுத்து வாங்கறவருக்கு. ஏ.டி.எம்.க்குப் பணம் கொண்டு போற வேன் பக்கத்துல ஒரு அண்ணன் பழைய 12 போர் துப்பாக்கியோட நிப்பார் இல்லையா, அவர் சம்பளத்துக்கும் அந்தத் துப்பாக்கி விலைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க. அது கடைசியா எப்ப சுட்டுப் பார்க்கப்பட்டதுன்னு அவருக்குச் சொல்ல யாரும் கடமைப்படலை. பிராண்டோட நம்பகத்தன்மை அவருக்குத்தான் முதல்ல தேவை. அவர்கிட்டதான் தேர்வே இல்லை.

2021 அக்டோபர் 1-லேருந்து ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு 7 கம்பெனிகளா பிரிஞ்சாச்சு. திருச்சி, கான்பூர், இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலைகள் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா லிமிடெட் கீழ வந்தது. 2019-ல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சு எதிர்த்த மாற்றம் இது. அரசுத் தரப்புச் சமாதானம், போட்டியும் பொறுப்பும் கூடும்னு. அப்படின்னா கணக்கையும் காட்டட்டும்: ஒவ்வொரு சிவில் மாடலும் சோதனையில எத்தனை தோட்டா சுட்டுச்சு, எத்தனை முறை சிக்குச்சு, வித்ததுல எத்தனை பழுதுக்குத் திரும்பி வந்தது. ராணுவ ரகசியம்னு ஒதுக்கவும் வழியில்லை, .32 ரிவால்வர் கடையில விக்கிற சரக்கு. கம்பெனி ஆனாலும் அது அரசு நிறுவனம்தான், தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதுக்கும் பொருந்தும். மனுக் கட்டணம் 10 ரூபாய்.