அக்காவை ‘சிஸ்டர்’ ஆக்கும் அறிவாளிகளுக்கு

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், நான் மதிக்கும் ஆய்வாளர் ஒருவர் சொன்னார்: “அனிமேவைத் தமிழில் பார்ப்பவனுக்கு அனிமேவும் தெரியாது, தமிழும் தெரியாது.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் திரும்பும் பேருந்தில் எழுதத் தொடங்கிய மறுமொழி இது. நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

அவர் தரப்பின் வலுவான வடிவம் இதுதான்: ஜப்பானியக் குரலைக் கேட்டுக்கொண்டு ஆங்கில சப்டைட்டிலைப் படிப்பவன் மூலத்துக்கு அருகில் இருக்கிறான், தமிழ் டப்பிங் கேட்பவன் தொலைவில் இருக்கிறான். குரலைப் பொறுத்தவரை மறுக்க ஒன்றுமில்லை. நடிகரின் மூச்சும் தயக்கமும் மூலத்தில்தான் உண்டு. ஆனால் பொருள்? பொருளை அவன் பெறுவது ஆங்கிலத்திலிருந்து. ஆங்கிலம் ஒரு தெளிந்த கண்ணாடி, தமிழ் ஓர் அழுக்குத் திரை என்பது இந்த வாதத்தின் சொல்லப்படாத முதல் வரி. மொழியியல் படித்தவர்கள் நிறைந்த அவையில் அந்த வரியை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வெளியானது. அதில் ஷினோபு என்ற பெண், தன் அக்காவைக் கொன்ற அரக்கனை எதிர்கொள்கிறாள். ஜப்பானியத்தில் மூத்தவளுக்கு ஒரு சொல், இளையவளுக்கு வேறொரு சொல். தமிழில் அக்கா, தங்கை என்று இருப்பதைப் போலவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மூத்தவளை இழந்த இளையவளின் சினம் ‘சிஸ்டர்’ என்ற சொல்லில் பாதி வடிந்துவிடுகிறது. அண்ணனை அண்ணன் என்று அழைக்கும் இடத்தில் பெயரை எழுதிச் சமாளிக்கும் சப்டைட்டில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூலத்துக்கு அருகில் இருப்பது யார்?

சொல்லை விடுங்கள், தொடரமைப்புக்கு வருவோம். அதே தொடரின் ‘மூகென் டிரெய்ன்’ (2020) படத்தில், அரக்கனாகிவிடு, என்றென்றும் போரிடலாம் என்று ரெங்கோகுவை அகாஸா அழைக்கிறான். ரெங்கோகு மறுக்கிறான். ஜப்பானியத்தில் அந்த மறுப்பு வினையின் கடைசி அசையில் வருகிறது. தமிழிலும் ‘மாட்டேன்’ கடைசியில்தான் வரும். அதுவரை கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காட்சி அதற்காகவே கட்டப்பட்டிருக்கிறது. ஆங்கில வரியோ மறுப்பை முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறது. நடிகர் வாய் திறந்து முடிப்பதற்குள் திரையின் அடியில் முடிவு எழுதப்பட்டாயிற்று.

இன்னொன்று, தமிழுக்கே உரிய தொல்லை. நாம், நாங்கள் என்ற வேறுபாடு ஜப்பானியத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. அகாஸா ‘நாம்’ என்று சொன்னால் அது அழைப்பு. ‘நாங்கள்’ என்றால் அது பெருமிதம். தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தே தீர வேண்டும். மூலம் திறந்து வைத்த கதவை ஒரு பக்கம் சாத்த வேண்டியிருக்கிறது. இதைத் தமிழின் குறை என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு, ஒரு காட்சியில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று படித்தாக வேண்டும். அதற்குத் திறனாய்வு என்றுதானே பெயர்?

இங்கே ஒரு கூட்டம் உற்சாகமாகக் கை தட்டும் என்று தெரியும்: “அதனால்தான் ஐயா, ஜப்பானியமும் தமிழும் ஒரே குடும்பம்!” அருள்கூர்ந்து தட்டாதீர்கள். சுசுமு ஓனோ பல ஆண்டுகள் உழைத்து முன்வைத்த அந்தக் கருத்தை வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது கொரிய மொழியிலும் உண்டு, துருக்கியத்திலும் உண்டு. அமைப்பொற்றுமை வேறு, குருதியுறவு வேறு. மொழிபெயர்ப்பாளருக்கு முதலாவது போதும்.

சரி, தமிழ் டப்பிங் எல்லாம் சிறப்பா என்றால், இல்லை. என் இரண்டாவது சண்டை அங்கேதான். நான் கேட்ட பல டப்பிங்குகளில் சாமுராயும் பள்ளி மாணவனும் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த பேயும் ஒரே சென்னைக் கல்லூரி வாசலில் நிற்பவர்களைப் போலப் பேசுகிறார்கள். இடையிடையே நம் திரைப்படங்களின் புகழ்பெற்ற வசனங்கள் செருகப்படுகின்றன. சுட்டி டிவியில் ‘ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்’ பார்த்து வளர்ந்த தலைமுறை நான். அது அமெரிக்கப் படைப்புதான் என்றாலும், அந்தக் கிழட்டு மாமாவின் தமிழுக்குத் தனி வாடை இருந்தது. அந்தத் துணிச்சல் எங்கே போயிற்று?

ஜப்பானிய மொழியியலாளர் சதோஷி கின்சுயி ‘பாத்திரமொழி’ என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு கருத்தை உருவாக்கினார். கதைகளில் வரும் முதிய அறிஞர் ஒரு தனித் தன்மைச் சொல்லும் தனி வினைமுடிவும் கொண்டு பேசுவார். தோக்கியோவின் உண்மையான முதியவர் எவரும் அப்படிப் பேசுவதில்லை. கேட்டவுடன் ஆள் இன்னார் என்று தெரிய வேண்டும், அவ்வளவே. நம்மிடமும் இது உண்டு. புராணப்பட அரசரின் ‘யாரங்கே’ எந்த அரண்மனையில் ஒலித்தது? எங்கள் பகுதிக்கு வாய்த்தது ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் காமேஸ்வரன். பாலக்காட்டுத் தமிழ் என்றவுடன் இன்றும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சமையற்காரரின் பேச்சு. கமல்ஹாசனின் நடிப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது அக்கிரகாரத் தமிழ். முதலமடை மாந்தோப்புகளில் காய் பறிப்பவர்களும், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில் வண்டிக்குக் காத்திருப்பவர்களும் பேசுவது கொங்குத் தமிழ், இடையில் மலையாளம் கலந்தது. அதற்குத் திரையில் கிடைத்த பெரும்பங்கு வேலை சிரிப்பு மூட்டுவது.

அந்தத் தமிழில் ஒரு கருவி இருக்கிறது. ‘வந்தேன்’ என்பதை ‘வந்தேனுங்க’ என்கிறோம். வந்தவன் நான், மரியாதை எனக்கல்ல, கேட்பவருக்கு. எழுவாயோடு தொடர்பின்றிக் கேட்பவரை மட்டும் நோக்கிய பணிவு. ஜப்பானிய வினையின் ‘மஸ்’ வடிவம் செய்வதும் இதே வேலைதான். ஒரு பாத்திரம் அந்தப் பணிவைச் சட்டென்று கைவிடும் கணத்தில் உறவு முறிகிறது. எத்தனையோ அனிமேக்களின் திருப்பமே அந்த ஓர் அசைதான். ஆங்கில சப்டைட்டில் இரண்டுக்கும் ஒரே வரியை எழுதும். கொங்குத் தமிழால் அதை ஒரு ‘ங்க’வை விழுங்கிச் செய்துவிட முடியும். சிரிப்புக்கென்று ஒதுக்கி வைத்த பேச்சு இது. ‘அசுமாங்கா தாயோ’வின் (2002) ஒசாகாப் பெண்ணுக்கு அமெரிக்க டப்பிங் தென்மாநில உச்சரிப்பைக் கொடுத்தது, பொருத்தமா இல்லையா என்று இரசிகர்கள் வாதிட்டார்கள். நமக்கு அந்த வாதத்தைத் தொடங்கும் வாய்ப்பே வரவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், வசூல் படங்களுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகும். எனக்கு ஆசை வேறு. ‘முஷிஷி’ (2005) தமிழில் வர வேண்டும். ‘முஷி’யைப் ‘பூச்சி’ என்று பெயர்த்தால் தொடரே செத்துவிடும். உயிருக்கும் உயிரற்றதற்கும் இடையில் இருப்பதைக் குறிக்க என்ன சொல் என்று ஒரு வகுப்பு முழுதும் சண்டை போடலாம். ‘ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ’ (2016) வர வேண்டும். ரகுகோ கலைஞர் விசிறியும் கைத்துண்டும் கொண்டு, அமர்ந்த இடத்தை விட்டு எழாமல், குரலாலும் பேச்சு வழக்காலும் ஓர் ஊரையே நடித்துக் காட்டுபவர். கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் இருக்கும் மொழிக்கு இது அந்நியமா?

ஒரு பக்கக் குறிப்பு. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாட்டே இல்லாத தமிழ்த் துப்பறியும் படம். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்துக் கதை. அதைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘ரஷோமோன்’ எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கழித்தல் கணக்குப் போட்டு முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு சாட்சியும் தனக்குரிய தமிழில் பொய் சொல்வதை யாராவது எழுத வேண்டாமா? வகைப்படம் என்றால் மூலத்தைத் தேடு, டப்பிங் என்றால் பிழையைத் தேடு: ஒரே நோய்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரகுகோத் தொடரின் தொடக்கக் காட்சியை எங்கள் வழக்கில் பெயர்த்துப் பார்த்தேன். சிறையிலிருந்து வெளிவந்த முரடன் ஒருவன் பெருங்கலைஞரிடம் சீடனாகச் சேர வருகிறான். ‘ஷிஷோ’வுக்கு ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’. நான் ‘வாத்தியார்’ என்று வைத்தேன். கூத்து வாத்தியார் என்ற வழக்கு நமக்கு உண்டு. முரடன் ஆயிற்றே என்று ‘வாத்தியாரே, என்னையச் சேத்திக்க’ என எழுதி, வீட்டில் உரக்கப் படித்தேன். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்த அமுச்சி நிமிர்ந்தார். “செயிலுக்குப் போனவனா இருந்தாலும் வித்தை கேட்டு வந்திருக்கறானில்ல? சேத்திக்குங்கன்னு சொல்லச் சொல்லு கண்ணு.”

திருத்திவிட்டேன்.