கையெட்டும் தூரத்தில் ஓர் எஞ்சின்

வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய அம்பாசடரை என்ன செய்வது என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. எடைக்குப் போடு என்பது ஒன்று. பெரிய தொகை கொடுத்துப் பளபளவென்று புதுப்பித்து, கண்காட்சி நாளில் மட்டும் வெளியே எடு என்பது மற்றொன்று. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று நெடுங்காலம் இருந்தது. வண்டியை வைத்திருந்தவரே பானெட்டைத் திறந்து, பாயிண்ட்டைத் தேய்த்து, கிரீஸ் அடித்து, அதை ஓடும் வண்டியாகவே வைத்திருந்தார். வாடகைக் கார் ஓட்டியவர்களில் பாதி மெக்கானிக் ஆகாதவர் குறைவு. அந்த மூன்றாவது வழிதான் சரியானது என்பது என் கட்சி. ஏக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த வகைக் கார் நின்றால் கெடும், ஓடினால் நிலைக்கும். சொந்தக்காரரின் கை படாமல் அது ஓடாது.

பிரிட்டிஷ் கார் என்றால் ஏதோ சீமைப் பிரபுவின் சொத்து என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அம்பாசடர் அச்சு அசலாக மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. அதன் அச்சுகளை வாங்கி வந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் வங்காளத்தின் உத்தரப்பாராவில் செய்தது. 2014 மே மாதம் வரை செய்தது. டிரையம்ஃப் ஹெரால்டு 1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னை வண்டலூரில் பிறந்தது. இவற்றின் உறுப்புகளைத் தேடிப் போனால் நம் பழைய நெல்லை ஜில்லாவுக்கே வந்து சேர்வோம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில். அவர் தொடங்கிய டிவிஎஸ் குழுமம்தான் 1961இல் பிரிட்டனின் லூகாஸுடன் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ்ஸை நிறுவியது. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்நாட்டிலேயே கிடைக்க அதுவே பெரிய வழி. பாபநாசத்துக்குப் பக்கத்து ஊரான ஆழ்வார்குறிச்சியில் பிறந்த அனந்தராமகிருஷ்ணன் வளர்த்தது அமால்கமேஷன்ஸ் குழுமம். 1949இல் வந்த இந்தியா பிஸ்டன்ஸும், சென்னையில் மோரிஸ் கார்களைப் பூட்டி விற்ற அடிசனும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவை. பொதிகை அடிவாரத்துப் பிள்ளைகள் கட்டிய தொழில் இந்தக் கார்களின் வயிற்றுக்குள் இருக்கிறது. இவற்றை அந்நியப் பண்டமாக நினைத்துக் கைவிடுவது நம் கணக்கையே நாம் மறப்பது.

இனி எஞ்சினுக்கு வருவோம். அம்பாசடர் நெடுங்காலம் சுமந்த 1489 சிசி எஞ்சின், பிரிட்டனில் பி சீரிஸ் என்று பெயர் பெற்றது. எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இருந்தது இதே குடும்பம்தான். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், எட்டு வால்வு, ஒற்றை கார்புரேட்டர். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. டேப்பெட் சத்தம் போடுகிறதா? ராக்கர் கவரைக் கழற்றி, முன்னாலிருந்து வால்வுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்துக்கொள்ள வேண்டும். எட்டாவது வால்வு முழுதும் அழுந்தித் திறந்து நிற்கும்போது ஒன்றாவதைச் சரிபார்க்கலாம். ஏழாவது திறந்து நிற்கும்போது இரண்டாவதை. ஆறாவது நிற்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். 0.015 அங்குல ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே போய் வர வேண்டும். நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் திருகை ஒரு சிட்டிகை திருப்பி, திருகு நகராமல் பிடித்தபடி நட்டை இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும்; இறுக்கும்போது இடைவெளி மாறிவிடுவது வழக்கம். இதற்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், கம்பெனி அனுமதியும் வேண்டாம். எஸ்.யு. கார்புரேட்டர் இருக்கும் வண்டியில் பெட்ரோல் கலவையைப் பார்ப்பதும் அப்படித்தான். எஞ்சின் சூடாகி நிதானமாக ஓடும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மயிரிழை உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. காதும் விரலுமே கருவிகள்.

ஒரு கருவி மட்டும் கட்டாயம் வேண்டும்: அங்குல அளவு ஸ்பேனர் செட். இந்தக் கார்களின் பழைய நட்டுகள் மில்லிமீட்டர் அளவில் வந்தவை அல்ல. அரை அங்குல நட்டு 12.7 மி.மீ. அதில் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டு வலுவாகத் திருகினால் மூலைகள் மழுங்கிவிடும்; பிறகு உளியும் வெல்டிங்கும்தான். அவசர கதியில் வேலை முடிக்கும் பட்டறைகளில் இப்படி வீணான நட்டுகள் எத்தனையோ. தன் வண்டி என்ற அக்கறையோடு, சரியான ஸ்பேனரைத் தேடி எடுக்கும் பொறுமை வீட்டில் இருக்கும். வீட்டுப் பராமரிப்பின் பலம் சிக்கனத்தைவிட அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

இந்த எளிமைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1990இல் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் அங்கே பெட்ரோல் கிடைப்பது அரிதானது. ஆஸ்டின், மோரிஸ் கார்களை அங்குள்ள தமிழர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டார்கள். புகை வந்தது, நாற்றம் வந்தது, பிளக் கரி பிடித்தது. ஆனாலும் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குறைந்த அழுத்த விகிதமும், மாற்றங்களைப் பொறுக்கும் கார்புரேட்டரும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆட்களும் ஒன்றாக இருந்ததால் அது நடந்தது. எஞ்சின் மட்டும் இருந்து, தெரிந்த கை இல்லாமல் போயிருந்தால் நடந்திராது. நம் பக்கத்துக்கு உதாரணம் வேண்டுமானால் 2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணி கரை மீறிய அந்த இரண்டு நாட்கள் போன்ற சமயத்தில் மூழ்கும் புதிய காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் சேறு புகுந்தால், அவற்றை மாற்றுவதற்கே பெருந்தொகை ஆகும். பழைய காருக்கும் வெள்ளம் நல்லதல்ல. ஆனால் ஸ்டார்ட் செய்யாமல் பிளக்குகளைக் கழற்றி, ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றி நீரை வெளியேற்றி, எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றிலும் எண்ணெயை மாற்றி, பிரேக் டிரம்களைத் திறந்து கழுவி, டைனமோவையும் செல்ஃபையும் உலர்த்தினால் பெரும்பாலும் அது திரும்பி வரும்.

எதிர்வாதங்களில் வலுவானது புகை. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 காரைவிட 1970களின் அம்பாசடர் காற்றைப் பல மடங்கு கெடுக்கும். இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் கூடாது. ஆனால் நாள் முழுக்க ஓடும் டாக்ஸிக்கும், வாரம் ஒருமுறை அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் போய் வரும் வீட்டு வண்டிக்கும் ஒரே தராசு சரியல்ல. புதிய காரைச் செய்ய உருக்கும் இரும்பிலும் அலுமினியத்திலும் புகை இருக்கிறது. அது வேறு ஊர் வானத்தில் போவதால் நம் கணக்கில் வருவதில்லை. அதைவிட முக்கியமானது, கலவையும் பாயிண்ட்டும் சரியாக வைத்த எஞ்சினுக்கும் கவனிப்பாரற்ற எஞ்சினுக்கும் உள்ள இடைவெளி. புகையைக் குறைக்க விரும்புகிறவர் வீட்டுப் பராமரிப்பை ஆதரிக்கத்தான் வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய கவலை இன்னும் நியாயமானது. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான்; எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு குழாய் விட்டுப்போனால் பெடல் தரைக்குப் போய்விடும். பாபநாசத்திலிருந்து காரையாறு மேலே ஏறி இறங்கும் மலைப்பாதையில் அப்படி நேர்வதை நினைத்தே பார்க்க முடியாது. ஹெரால்டில் இன்னொரு ஆபத்து. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டான டிரனியனுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் போதும் என்று விட்டால், காலப்போக்கில் உள்ளே துரு பிடித்து, தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். பயந்து வண்டியை மூடி வைப்பதால் இவை தீராது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சாரலும் ஐப்பசி மழையுமாக இரு பருவமும் நனையும் அடிவாரத்தில், நிற்கும் வண்டியின் வீல் சிலிண்டர் சீக்கிரம் துரு ஏறி இறுகிவிடும். ஆகவே என் நிலை இது: டேப்பெட், பாயிண்ட், கார்புரேட்டர், எண்ணெய், கிரீஸ் எல்லாம் வீட்டுக்காரர் வேலை. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் அவர் கைவைத்தால், தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே வண்டி தெருவுக்கு வர வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பக்கவாட்டுச் சட்டம் துருவில் அரித்திருந்தால் ஜாக்கி வைத்த இடமே பிளந்துகொண்டு உள்ளே போகும்.

அரசின் போக்குதான் கவலை தருகிறது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். 2021இல் வந்த விண்டேஜ் விதி 50 வயதைத் தாண்டிய கார்களுக்குத் தனிப் பதிவு தந்தது. ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம், வழக்கமாக ஓட்டக் கூடாது. இந்தக் கட்டணமும் அந்தக் கட்டுப்பாடும் வண்டியின் நிலையை வைத்து அல்ல, வயதை வைத்தே வருகின்றன. நன்றாகப் பிரேக் பிடிக்கும் 1965 மாடலைவிட, பிரேக் தேய்ந்த 2012 மாடல் ஆபத்தானது. இதற்கிடையே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது அரிக்கும். ஈரத்தை இழுத்து டேங்கில் துரு ஏற்றும். எத்தனால் தாங்கும் குழாய்க்கும் சவ்வுக்கும் மாறுவது வீட்டிலேயே முடிகிற வேலைதான். மாதக்கணக்கில் அதே பெட்ரோலை டேங்கில் தேங்க விடாமல் ஓட்டித் தீர்ப்பதும் அவசியம். ஓட்டாதே என்ற விதியும் தேங்கினால் கெடுக்கும் பெட்ரோலும் ஒரே வண்டியின் தலையில் விழுகின்றன.

உறுப்புகள் கிடைப்பது பெரிய சிக்கல் இல்லை. அம்பாசடர் ஐம்பதாண்டுக்கு மேல் ஓடிய ஊரில் தேடினால் கிடைக்கும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். தீர்ந்துகொண்டிருப்பது தெரிந்த ஆட்கள். இலங்கையில் பிறந்த ஜான் ஹெய்ன்ஸ் என்ற ஆங்கிலேயர், காரை முழுக்கப் பிரித்துப் பூட்டி, படிப்படியாகப் படமெடுத்து, 1966இல் தன் முதல் பழுதுபார்ப்புக் கையேட்டை வெளியிட்டார். பிரிட்டனில் சாதாரணக் குடும்பங்கள் வீட்டுக் கொட்டகையில் கார் பார்க்க அந்த வரிசைப் புத்தகங்கள் துணை நின்றன. தமிழில் அப்படி ஒன்று அம்பாசடருக்கு வர வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக்குகள் நெல்லையிலும் அம்பையிலும் தென்காசியிலும் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். நெல்லை பேட்டை அரசு ஐடிஐயில் ஒரு 1489 எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி வைத்து, அவர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்து, மாணவர்கள் பிரித்துப் பூட்டுவதைப் படமெடுத்து, அந்த மெக்கானிக்குகள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். முதல் அத்தியாயம் பிரேக்காக இருக்கட்டும். வண்டி வைத்திருக்கும் வீட்டாருக்கு சனிக்கிழமைகளில் அதே பட்டறையைத் திறந்துவிட்டால், வேலை முடிந்த கையோடு அங்கேயே பிரேக்கைச் சோதித்துக் கொடுக்கவும் முடியும்.