சிவப்பு அறையின் தருக்கம்

1990 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் நம்பவியலாக் காட்சிகளை, டேவிட் லிஞ்ச்சும் மார்க் ஃபிராஸ்ட்டும் பார்வையாளரைத் திகைக்க வைப்பதற்கென்றே செருகியவை என ஒதுக்குவது பெரும் பிழையாகும். லாரா பால்மர் என்னும் இளம்பெண்ணின் கொலையை விசாரிக்கும் அதிகாரி டேல் கூப்பர், ஐயத்துக்குரியோர் பெயர்கள் வாசிக்கப்படக் கண்ணாடிப் புட்டியின் மீது கல்லெறிந்து துப்புத் தேடுகையில், உள்ளூர்க் காவலர்கள் அதனை முறையான விசாரணையாகவே ஏற்பதால், பார்வையாளரும் அவ்வுலகின் ஒழுங்குக்குள் இழுக்கப்படுகின்றனர். கூப்பரின் கனவில் வரும் சிவப்பு அறையோ இதனினும் ஆழமானது. நடிகர்கள் வசனங்களைப் பின்னிருந்து முன்னாக உச்சரித்து நடிக்க, அப்பதிவு மீண்டும் தலைகீழாக ஓட்டப்பட்டமையால், சொற்கள் ஓரளவு விளங்கினாலும் மூச்சும் அசைவும் பிறழ்ந்து, கனவுக்கே உரிய அச்சம் உடலில் உறைக்கிறது. இரண்டாம் பருவத்தில், இறந்த ஜோசி பாக்கர்டு என்னும் பெண் இழுப்பறையின் மரக்குமிழுக்குள் சிக்குண்டது போலக் காட்டப்படும் இடம் அத்தகைய வலிமை பெறவில்லை, ஏனெனில் அவ்விந்தையைத் தாங்கும் துயரம் முன்னரே கட்டமைக்கப்படவில்லை. மாறாக, 2017இல் மீண்டும் வந்த தொடரின் எட்டாம் பகுதி, 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் நிகழ்ந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் தீப்பிழம்புக்குள் கேமராவைச் செலுத்தி, தொடரின் தீமைக்கு வரலாற்றிலேயே ஒரு பிறப்பிடம் காட்டுகிறது. தொலைக்காட்சியில் மீமெய்யியல், அதாவது கனவின் தருக்கத்தால் மெய்ம்மையை அணுகும் கலைநெறி, இவ்வளவு பொறுப்புடன் கையாளப்பட்டது மிக அரிது.