விடுபட்ட 15,841 தொற்றாளர்கள்

மேசைக்கணினித் தரவுக் கோப்புகளில் நேரும் பழுதுகளை நான் இரு வகையாகப் பார்க்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பில் ஒரு பதிவு எழுதப்படும்போதே அலுவலக வலைப்பின்னல் அறுந்தால், கோப்பு சிதைந்து, பிறகு திறக்கவே மறுக்கக்கூடும். தொல்லைதான், ஆனால் பழுது உடனே தெரிந்துவிடுகிறது. காப்புப் பிரதியைத் தேடுகிறோம். (பழுதுநீக்கும் வசதியை நகலின் மீது மட்டுமே இயக்க வேண்டும்.)

மற்றது ஓசையற்ற இழப்பு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். ஆய்வக முடிவுகளைப் பொதுச் சுகாதார முகமை எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் திரட்டியது. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை உதிர்ந்தன. தொற்றாளர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியோ நாள்கணக்கில் தாமதமானது. அந்நாள்களில் அவர்களுள் பலர் வழக்கம்போல் வேலைக்கும் கடைக்கும் சென்றிருப்பார்கள்.

தொழில்நுட்பக் கோளாறு என்றே இது விளக்கப்பட்டது. எனக்கு உடன்பாடில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் கொள்ளும் வடிவம் 2007-லேயே வந்துவிட்டது. வந்த பதிவுகள் எத்தனை, ஏறியவை எத்தனை என்று மாலைதோறும் ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிழை பிடிபட்டிருக்கும். அக்டோபர் 2 இரவில்தான் அது கண்டறியப்பட்டது. அதன்பின் செய்த மாற்றம், பெரிய கோப்புகளைச் சிறியனவாகப் பிரித்தது. நோய்ப்பதிவேடு அப்போதும் முறையான தரவுத்தளத்துக்கு மாறிவிடவில்லை. பழைய துணியில் ஒட்டுதான் விழுந்தது.