உடுவிலுக்கு வருகின்ற காசு எது?

காங்கேசன்துறை வீதியில் இணுவிலைக் கடந்து மருதனார்மடம் சந்திக்கு வரும்வரை வாகனம் குலுங்குவதில்லை. காப்பெற் வீதி. போருக்குப் பின்னர் வடக்கில் கொட்டப்பட்ட பணத்தில் கண்ணுக்குத் தெரிவது இத்தகைய வீதிகளும், இந்தியக் கடனில் போடப்பட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்பிய ரயில்பாதையும்தான்.

வீதியை விட்டு உடுவிலின் ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் செம்மண் தோட்டங்கள். வெங்காயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. கட்டித் தொங்கவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். ஆனால் உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட கடன் காத்திருக்காது. அதனால் சுன்னாகம் சந்தையில் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். நல்ல வீதி எங்கள் மரக்கறியைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறது. தம்புள்ளை மரக்கறியையும் அதே வேகத்தில் இங்கே கொண்டுவருகிறது. களஞ்சியம், விதை, குறைந்த வட்டிக் கடன் என்பவற்றை விட்டுவிட்டு வீதியை மட்டும் போட்டால், வலுவுள்ளவன்தான் அதில் முதலில் ஓடுவான்.

மூலதனச் செலவு நல்லது, சம்பளம் போன்ற மீண்டெழும் செலவு வீண் என்பது பொதுவான எண்ணம். 1996இல் தேவராஜன், ஸ்வரூப், சூ ஆகிய மூவர் 43 வளர்முக நாடுகளை ஆராய்ந்து, நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். மீண்டெழும் செலவின் பங்கு கூடிய இடங்களிலேயே வளர்ச்சியும் கூடியிருந்தது. அளவுக்கு மிஞ்சிக் கட்டினால் கட்டடமும் பயன் தராது. எங்கள் ஊருக்கு இது புதினமல்ல. ஆசிரியரின் சம்பளம் மீண்டெழும் செலவுதான். யாழ்ப்பாணத்தை ஒரு காலத்தில் தூக்கி நிறுத்தியதும் அதுதான்.

ஆனால் எல்லாச் சம்பளமும் ஒன்றல்ல. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு 442 பில்லியன் ரூபா. அதில் 382 பில்லியன் மீண்டெழும் செலவு. அதே திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5 பில்லியன், யாழ். நூலகத்துக்கு 100 மில்லியன். முன்னது முழு நாட்டுக்குமான தொகை, நேரடியாக ஒப்பிட முடியாதுதான். என்றாலும் வடக்கில் முகாமிட்டிருக்கும் சிப்பாயின் சம்பளம் பெரும்பாலும் அவருடைய ஊருக்கே போகிறது. வலிகாமம் வடக்கில் அவர் நிற்கும் காணியிலிருந்து வரவேண்டிய விளைச்சலும் எங்களுக்கு இல்லை. காங்கேசன்துறையில் இராணுவம் விடுதியே நடத்துகிறது. செலவு இங்கே, சுழற்சி வேறெங்கோ.

தண்ணீரையும் பாருங்கள். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. குடிநீருக்காகத் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. தேவையானதுதான். ஆனால் தோட்டக் கிணறு ஊறுவதற்கு மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்க வேண்டும்; அதற்குக் குளங்களும் வாய்க்கால்களும் தூர்வாரப்பட வேண்டும். இது சிறிய காசு. திறப்புவிழாவுக்கு அமைச்சர் வரமாட்டார்.

எந்தக் குளம் என்று முடிவெடுக்க வேண்டிய வட மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. 2018இல் ஆயுட்காலம் முடிந்ததிலிருந்து ஆளுநரின் நிர்வாகம். ஒதுக்கீடும் ஆண்டுக் கடைசியில் வந்து சேர்ந்தால் யாழ்ப்பாணத்தில் அது மாரிகாலம். குளத்தில் தண்ணீர் நிற்கும்போது எப்படித் தூர்வாருவது?